விலையில்லா மின்விசிறி

நீடாமங்கலம் தாண்டி, பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே அரசு நெல் கொள்முதல் நிலையம். களத்தில் குவியல் குவியலாக நெல். நாலு நாளாகக் காத்துக் கிடக்கிறது என்கிறார் டீக்கடைக்காரர். வானம் கறுத்து வருகிறது.

ஓர் அம்மாள் மேசை மின்விசிறி ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருகிறார். அரசு கொடுத்தது. ‘இலவசம்’ என்றால் கௌரவக் குறைச்சலாம். ‘விலையில்லா’ என்று அச்சடித்திருக்கிறது.

“நெல்லு காய வைக்கவாங்க?” என்று கேட்கிறேன்.

“நெல்லு நேத்தே காஞ்சு சலசலன்னு கெடக்குங்க. மெஷின்லதான் ஈரம் ஈரம்னு காட்டுது.”

“அப்ப இது எதுக்கு?”

“ஈரம் பாக்குறவருக்கு ரொம்ப வேர்க்குதாம். நேத்து ரெண்டு தடவை சொன்னாரு. வீட்டுக்குப் போன பெறகுதான் எனக்குப் புரிஞ்சுது.”

நேராக உள்ளே போய், அவர் மேசையில் மின்விசிறியை வைத்துப் பிளக்கைச் செருகுகிறார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டயர் மாட்டி பஸ் கிளம்பும்போது அம்மாளின் மூட்டைகள் தராசில் ஏறுகின்றன. ஈரம் பார்க்கும் மெஷின், காற்றில் பறக்கும் காகிதங்களுக்குப் பாரமாக மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது.