பத்து மூட்டை என்று எழுதினேன்

இரண்டு வருடத்துக்கு முன்பு, தை மாதக் கடைசி. ஒரத்தநாட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மழை பிடித்த அந்த மதியம் நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான், கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்த எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். இல்லாதவர்கள், மூட்டை தூக்கும் ஆட்கள் அத்தனை பேரும். சாப்பிடப் போயிருந்தார்கள்.

எங்கள் நெல் ஐந்து நாளாக எடைக்குக் காத்துக் கிடந்தது. பாதி குவியலாக, பாதி சாக்கில். ஈரம் ஏறிவிட்டால் நெல்லை எடுக்க மாட்டார்கள், திரும்பக் காயவைக்க வேண்டும். நானும் அம்மாவும் குவியல் மேல் படுதாவை இழுத்தோம். அது காற்றில் எங்களை இழுத்தது. அப்பா தனியாக மூட்டைகளைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ரோட்டில் போய்க்கொண்டிருந்த அண்ணன் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தார்.

"சித்தப்பா, நீங்க குனியாதீங்க. நான் ஏத்துறேன்."

சொல்லிக்கொண்டே ஒரு மூட்டையைத் தோளில் போட்டார். பிறகு இன்னொன்று. நாற்பது கிலோ மூட்டை. எல்லாம் முடிந்து கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது, தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன கலெக்டரே, ஒரு படுதா கட்டத் தெரியலையே. காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போய், முதலில் பட்டம் வாங்கியவன் நான். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பட்டாவில் பேர் மாற்ற, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல, எல்லாவற்றுக்கும். "மேற்படி", "கனிவுடன் பரிசீலித்து" என்றெல்லாம் நான் எழுதிப் படித்துக் காட்டும்போது அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அன்று நெல் தப்பியது. வீட்டுக்கு வந்ததும் அப்பா அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. அண்ணன் மாதாமாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவர். கேட்டால் "முட்டி வலி தம்பி" என்பார். உரக்கடையில் உட்கார்ந்து பில் போடும் வேலை. வாரத்தில் மூன்று நாள் போவார், மீதி நாள் வீட்டில் படுத்திருப்பார். முட்டி வலிக்காரர் நாற்பது கிலோவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பாரா?

அடுத்த பத்துப் பதினைந்து நாள் அவர் வீடு பூட்டியிருந்தது. அண்ணியின் ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தோம். திரும்பி வந்த அன்று அவர் தெருவில் நொண்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். வலது கால். எனக்கு நன்றாக நினைவிருந்தது, பொங்கலன்று அவர் நொண்டியது இடது கால்.

டீக்கடையில் என் நண்பனிடம் சொன்னேன். அவன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "ஆபீசர் எந்தப் பக்கம் நிக்கிறாரோ அந்தப் பக்கத்துக் கால் நொண்டும்டா. ஒரு கால் டூட்டி, ஒரு கால் லீவு."

நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்போடு போகவில்லை. அந்த வாரம்தான் என் அத்தையின் விதவை உதவித்தொகை மனு இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. நான் எழுதிய மனு அது. காடு மேடெல்லாம் களை எடுத்து வயிற்றைக் கழுவுகிற அத்தைக்கு இல்லை, கால் மாற்றி நொண்டுகிறவருக்கு உண்டா? எனக்கு வந்தது நியாயமான கோபம் என்றே நம்பினேன். அதுதான் இப்போதும் என்னைப் பயமுறுத்துகிறது. பொறாமை என்று தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

ஒன்றரைப் பக்கம் எழுதி, டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்தேன். "மேற்படி நபர் நல்ல உடல்நலத்துடன் உள்ளார். கொள்முதல் நிலையத்தில் பத்து மூட்டை நெல்லை எவ்விதச் சிரமமும் இன்றித் தூக்கிச் சென்றதை நேரில் கண்டோம்." கீழே என் பெயர் இல்லை. "இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்." தபாலில் போட்டுவிட்டு வந்து, அன்று மாலை அண்ணன் வீட்டு வாசலிலேயே நின்று அவரோடு கிரிக்கெட் பேசினேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று இரண்டு காலும் சரியில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் அண்ணி, கையில் ஒரு மஞ்சள் பை. அப்பாவும் அம்மாவும் வயலுக்குப் போயிருந்தார்கள்.

"தம்பி, யாரோ நம்ம மேல மொட்டை மனு போட்டுட்டாங்க. ரெண்டு மாசமா பணம் நிக்கிது. நேத்து விசாரிக்க வந்தாங்க. பதினஞ்சு நாளுக்குள்ள எழுத்துல விளக்கம் குடுக்கணுமாம், இல்லன்னா ஒரேயடியா நிறுத்திடுவாங்களாம். நீதான் எழுதணும்."

விசாரிக்க வந்தவர் மனுவின் ஜெராக்ஸையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணன் அதை என் கையில் கொடுத்தார். என் வரிகள்.

"படிச்சுப் பாரு. யாரோ நல்லாப் படிச்சவன்தான் எழுதியிருக்கான். ஒரு பிழை இல்ல" என்றார். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே பாராட்டினார்.

அண்ணி பையிலிருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்தார். "எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. இதுல என்ன போட்டிருக்குன்னு பார்த்து, அதை வச்சு எழுதுங்க தம்பி."

பிரித்தேன். சின்ன வயதிலிருந்து வருகிற சீட்டுகள். முதல் சீட்டிலேயே ஹீமோபிலியா என்று இருந்தது. எனக்குப் புரியாத இடங்களை அண்ணனே சொன்னார். அவர் ரத்தம் சீக்கிரம் உறையாது. பிறவியிலேயே அப்படி. வெளியே காயம் பட்டால்தான் ஆபத்து என்று நான் நினைத்தேன்.

"வெளில வந்தாக்கூட பரவால்ல தம்பி, கட்டுப் போடலாம். இது உள்ளுக்குள்ள, மூட்டுக்குள்ள கசியும். இன்னிக்கு இந்த முட்டி, அடுத்த மாசம் அந்த முட்டி, இல்லன்னா கணுக்கால். எது எப்ப வீங்கும்னு எனக்கே தெரியாது. வீங்குனா தஞ்சாவூர் போயி ஊசி போட்டுக்கணும். வத்துனதும் நடப்பேன். நல்லா இருக்குற நாள்ல என்னைப் பார்த்தா நானே நம்ப மாட்டேன்."

"இதை ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"முன்னாடி ரைஸ் மில்லுல சொன்னேன். மறுநாளே, நீ வேணாம்பா, கீழ விழுந்து செத்துகித்துப் போயிட்டா யாரு பதில் சொல்றதுன்னு அனுப்பிட்டாங்க. முட்டி வலின்னு சொன்னா எவனும் பயப்பட மாட்டான் பாரு."

ஃபைலின் கடைசிச் சீட்டு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் படுத்திருந்ததற்கானது. சேர்ந்த தேதி, மழை பெய்ததற்கு மறுநாள். வலது முட்டியிலும் வலது தோளிலும் ரத்தக் கசிவு. காரணம் என்ற இடத்தில், பாரம் தூக்கியது.

அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அன்னிக்கு ராத்திரியே ஊதிப்போச்சு. ஏன் தூக்குனீங்கன்னு கேட்டா, நெல்லு நனையுது, பார்த்துக்கிட்டே போகச் சொல்றியான்னு என்னைக் கோவிச்சுக்குறாரு. உங்க வீட்டுல சொன்னா வருத்தப்படுவாங்கன்னு சொல்லவும் விடல."

எங்களுக்காகத் தூக்கியதைத்தான் நான் அவருக்கு எதிராகச் சாட்சி வைத்திருக்கிறேன்.

பேப்பரை எடுத்து விளக்கம் எழுத ஆரம்பித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. அண்ணன் உற்சாகமாக, "அந்த மூட்டை விஷயத்தை என்ன பண்றது? தூக்கலன்னு போட்டுடலாமா? ஆனா தூக்கினது நிஜமாச்சே" என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த மனு நான் எழுதினதுதான்" என்றேன்.

அவர் கேட்காதவர் போல ஃபைலில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். அண்ணி எழுந்து வாசலுக்குப் போனார். யாராவது திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கடைசிச் சீட்டையும் அடுக்கிவிட்டு அண்ணன் கேட்டார்.

"எத்தனை மூட்டைன்னு எழுதியிருந்த?"

"பத்து."

"ஆறுதான்டா தூக்குனேன். படிச்ச புள்ள, கணக்குல இப்படி விடலாமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்துமூன்று வயதில், முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி அழுதேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினார். தோள் முழுதாக உயரவில்லை. பாதியில் நின்ற கையால் என் முழங்கையைத் தட்டினார்.

வாசலில் நின்ற அண்ணி திரும்பினார். "அழுதது போதும். அதுல கையெழுத்துப் போடாம எழுதினாருல்ல. இப்ப எழுதறதுல இவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"ஏய், அவன் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கிட்டு இருக்கான்டி. ஆபீசுல பேர் கெட்டுடும்" என்று அண்ணன் அவரை அடக்கினார். அந்த நேரத்திலும் என் பெயருக்காகக் கவலைப்பட்டார்.

அண்ணி சொன்னதுதான் சரி. விளக்கத்தை அண்ணன் சார்பில் எழுதினேன். தனியாக இன்னொரு தாளில், மனுவை எழுதியவன் நான், விசாரிக்காமல் எழுதினேன், மூட்டைகள் ஆறு, அவை எங்கள் வீட்டு நெல் என்று எழுதி, முகவரியோடு கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் நான் எழுதியவற்றை எப்போதும் போலப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். முகத்தில் வழக்கமான வெளிச்சம் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், அண்ணனின் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று இன்றுவரை இரண்டு பேருமே சொல்லவில்லை.

விசாரணைக்கு அண்ணனை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி ஒரு பெண்மணி. இரண்டு தாளையும் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

"நல்லா எழுதுறீங்க. எழுதறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக் கதவை ஒரு தடவை தட்டியிருக்கலாமே?"

"விடுங்க மேடம், சின்னப் புள்ள. கதவைத் தட்டியிருந்தாலும் நான் முட்டி வலின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் அண்ணன். அந்த அம்மாவே சிரித்துவிட்டார். மருத்துவக் குழுவின் முன் மறுபடி போய்ச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அதற்கும் நான்தான் கூடப் போனேன். வரிசையில் நின்றேன், படிவம் நிரப்பினேன், படிகளில் அவரைத் தாங்கிக்கொண்டு ஏறினேன். உதவித்தொகை திரும்ப வர ஆரம்பித்தது.

அண்ணி என்னோடு பேச ஒரு வருடம் ஆனது. போன வைகாசியில் ஒரு நாள், வேலியோரம் நின்று, "தம்பி, ஐஸ் இருக்கா? அவருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கு" என்றார். எங்கள் ஃபிரிட்ஜில் இருந்த ஐஸ் முழுவதையும் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு ஓடினேன். இப்போதெல்லாம் ஐஸ் தட்டு ஒன்று அவருக்காகவே எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறது. என் அத்தைக்கும் மூன்றாவது முறை எழுதிய மனுவில் பணம் வந்துவிட்டது. முதல் இரண்டு முறையும் இணைக்க விட்டுப்போன சான்று எது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அண்ணன்தான். வரிசையில் நின்று நின்று அவருக்கு எல்லாம் மனப்பாடம்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது கலெக்டரே. பேர் போடாம எழுதறது உனக்குப் பழக்கம்தானே" என்றார்.

நின்றுபோன ஐந்து மாதத்துக்கு நிலுவை எதுவும் தரமாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் கொடுக்கப் பார்த்தேன். அண்ணன் வாங்கவில்லை. அந்த ஐந்து மாதமும் அவர்கள் ஆட்டோவுக்குக் காசில்லாமல், வீங்கிய காலோடு இரண்டு பஸ் மாறித் தஞ்சாவூர் போயிருக்கிறார்கள். படிப்பு எனக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால் நான் நிறையச் சொல்வேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டிலிருந்து நான் எடுத்தது எவ்வளவு என்று கேட்டால், யோசிக்காமல் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.