இலுப்பைப் பொந்தை அடைத்த பூச்சு

"புராதன விருட்சத்தைப் பேணும் பொருட்டு அமைக்கப்பெற்ற பூங்காவின் திறப்புக்குக் குடும்ப சமேதராய் வருக" என்கிறது என் தகப்பனாருக்கு வந்த அச்சிட்ட அழைப்பு. 1939 மார்ச், சனிக்கிழமை என்பது தெரிகிறது. தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. அந்தத் தாளை எடுக்கும்போதெல்லாம் ஈரச் சிமெண்டின் வாடை நினைவில் ஏறுகிறது.

தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நின்ற கிழட்டு இலுப்பையைச் சுற்றிக் கம்பிவேலி அடித்து, செம்மண் பாதை போட்டு, நாலு பெஞ்சு வைத்து, அதற்குப் பூங்கா என்று பெயரிட்டிருந்தார்கள். திறப்புக்கு முதல் நாள் மாலை, பதின்மூன்று வயது எஸ்தர் அக்காவும் எட்டு வயது நானும் போனபோது, ஏணிமேல் நின்ற கொத்தனார் ஒருவர் நாங்கள் "கிளி வீடு" என்று அழைக்கும் பொந்தின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே குஞ்சுகள் கத்துவது கீழேவரை கேட்டது.

"அண்ணே, உள்ள குஞ்சு இருக்குண்ணே! அம்புட்டும் செத்துப்போகும்," என்று அக்கா ஏணியைப் பிடித்து ஆட்டினாள்.

"ஏணிய விடு தாயி, நான் செத்துப்போவேன். காலையில தொரை வாராரு. ஓட்டையோட பாத்தா என்னய உள்ள வச்சுப் பூசிருவாரு," என்றார் கொத்தனார். வேலி கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் மரத்துக்கு மாலை போட்டு, வாயில்லா ஜீவன்களிடம் காட்டவேண்டிய கருணையைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். பூசிய இடத்தைச் சுற்றிச் சுற்றித் தாய்க்கிளி அலறியதால் பேச்சு கேட்கவில்லை என்று ஒருவர் அதன்மேல் கல்லெறிந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார்கள்; நான் அதைத் தின்றேன்.

வீட்டுக்கு வந்து நான் அழுததும் அக்கா சொன்னாள்: "அழாதடா. நேத்துப் பொழுது சாஞ்சதும் அந்தண்ணே திரும்பி வந்து, குஞ்சுகள எடுத்துட்டுத்தான் பூசுனாராம். கடலை விக்கிற அக்கா பாத்தாங்களாம்."

நான்காம் நாள் மரத்தடியில் நாற்றம் அடித்தது. ஆனால் வேலி போட்ட மறுநாளே ஆண்கள் அதன் மறைவில் சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிட்டதால், அது எதன் நாற்றம் என்று என்னால் எழுத முடியவில்லை.

சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். மரம் இருக்கிறது. அடியில் வெற்றிலை எச்சில். உடம்பெல்லாம் ஆணியடித்த விளம்பரத் தகரம். கிளி ஒன்றுகூட இல்லை. பட்டை வளர்ந்து உதடுபோல் மூடியும் அந்தப் பூச்சு உள்ளே வெளுப்பாகத் தெரிகிறது. கடலைக்காரம்மாள் எப்போதோ போய்ச் சேர்ந்தாள். அக்கா இறந்து இரண்டு வருடமாகிறது. அவள் உயிரோடு இருந்தவரை, அன்று சொன்னது நிஜமா என்று நான் கேட்கவில்லை. கொத்தனார் அன்று திரும்பி வந்தார் என்பது இன்றுவரை உறுதி செய்யப்படாத செய்தி.