கோமதி மேடம் எழுதிய ஒரு வரி

இதை வாங்கிப் படிப்பவர்கள் தயவுசெய்து யாரிடமும் காட்ட வேண்டாம். கோமதி மேடத்துடன் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்தவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். முக்கியமாக என் பாவா, அதாவது அக்கா கணவர் கண்ணில் இது படக் கூடாது. சென்டர் அவருடையது. ப்ளஸ் டூ படிக்க வந்து நான் தங்கியிருப்பதும் அவர் வீட்டில்தான்.

செய்தி வந்தபோது பாவா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்போனில் "ஆங்... ஆங்..." என்று மட்டும் சொன்னார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அக்காவிடம் ரசம் கேட்டார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான், "அந்த கோமதி செத்துட்டாளாம். மஞ்சக்காமால" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். ஏன் என்னைப் பார்த்தாள் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மேடம் ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். கோயில் மலையடிவாரத்து விடுதி ஒன்றுக்கு அறை பதிவு செய்யும் வலைத்தளத்தை ஜாவாவில் எழுதினார். மொட்டை போட, காது குத்த, கல்யாணத்துக்கு என்று ஐந்து படிவங்கள். ஐந்திலும் பெயர், ஊர், போன் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. அதற்கு அவர் பயன்படுத்திய ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா மென்பொருளின் புதுப் பதிப்பு வந்ததும், பொதுவான விவரங்களை ஒரே படிவத்தில் வைத்து, மற்றவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைப்புக் கோப்பை மாற்றினார். "ஒரு விஷயத்த அஞ்சு எடத்துல எழுதனா, என்னிக்காவது ஒண்ண மாத்த மறந்துடுவோம்டி" என்றார்.

பள்ளி விட்டதும் படிவங்களைச் சோதிப்பது என் வேலை. ஒரு நாள் போன் எண் கேட்ட இடத்தில் 'எங்க ஊர்ல போன் இல்ல' என்று அடித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நெசமாவே வர்றவங்க இப்படித்தான் எழுதுவாங்க. நீ ஒழுங்கா எழுதனா எனக்கு என்னா பிரயோஜனம்? நல்லாத் தப்பு பண்ணு."

அந்த ஐந்தில் ஒன்று, ஆந்திராவிலிருந்து வருகிறவர்களுக்கான தெலுங்குப் படிவம். அது மாநிலத்தைக் கேட்காது, தானே நிரப்பிக்கொள்ளும். பொதுப் படிவத்தில் மாநிலம் தமிழ்நாடு. அதனால் மேடம் தெலுங்குப் படிவத்தில் மாநிலத்தை மட்டும் மறுபடி எழுதி, ஆந்திரா என்று வைத்தார். "பொதுவுல இருக்கறத எடுத்துக்கலாம். நமக்கு வேற மாதிரி வேணும்னா அத மட்டும் திரும்ப எழுதணும். அப்ப நாம எழுதனதுதான் செல்லும்" என்றார். மாற்றம் செய்த அன்று கோப்பை அச்செடுத்து, ஓரத்தில் பென்சிலால் தேதியும் காரணமும் குறித்து, சோதிப்பதற்காக என்னிடம் ஒரு பிரதி தருவது அவர் வழக்கம்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்திய மாதம், தம்பியின் நிச்சயதார்த்தத்துக்காக மேடம் மூன்று நாள் லீவு போட்டார். இரண்டாம் நாள் பாவா அவர் மெஷினில் உட்கார்ந்திருந்தார்.

"மாநிலம்னு எத்தினி எடத்துல இருக்குது? பேப்பரப் பாத்து படி."

"ரெண்டு எடத்துல, பாவா."

"பொதுவுலயே இருக்குதே, அப்பறம் எதுக்கு இன்னொரு வாட்டி? பெரிய இஞ்சினீயரு இவ."

வரி எண்ணைப் படித்துச் சொன்னேன். அவர் அழித்தார். "சோதிச்சுப் பாக்கட்டுமா?" என்றேன். "ஒரு வரிதான, போய்ப் படி" என்றார்.

அதன் பிறகு தெலுங்குப் படிவத்தில் வந்த பதிவெல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்ந்தது. விடுதிக்காரர் ஆந்திரப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். யாருமே இல்லை. அவர்களுக்காக ஒதுக்கிய பின்கட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். கிருத்திகை அன்று மொட்டை போட வந்த குடும்பங்கள் குழந்தைகளோடு தெருவில் நின்றன. பாவா எல்லோர் முன்னாலும் மேடத்தைப் பார்த்து, "உன் புத்திசாலித்தனத்தால என் மானம் போச்சு" என்றார். கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார் மேடம். அதற்குள் அவர் மெஷினை பாவா அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தார். வைரஸாம். தெரியாமல் தவறு செய்தவருக்கு அந்த அவசரம் எதற்கு?

அன்றோடு வேலையை விட்டுப் படியிறங்கும்போது மேடம் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நான் லீவுல இருந்தப்ப யாருனா என் மெஷின்ல ஒக்காந்தாங்களா?"

"தெரியல மேடம்" என்றேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி, பரிட்சைக்கு ஒழுங்காப் படி" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

சாவு வீட்டில் அவருடைய அப்பா, வீட்டோடு சேர்ந்த தறிக்கூடத்து வாசலில் நின்றிருந்தார். பாவாவைப் பார்த்ததும் கைகூப்பினார். "எம் பொண்ணு பண்ண தப்புக்கு மன்னிச்சுக்கோங்க சார். அதே நெனப்பாத்தான் படுத்துகினு கெடந்தா." பாவா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லைங்க, விடுங்க" என்றார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

நேற்றிலிருந்து பாவா, "அந்த கோமதி குடுத்த பழைய பேப்பருங்க எங்க வெச்சிருக்கற?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எடைக்குப் போட்டுவிட்டேன் என்றேன். நம்பவில்லை. பள்ளியிலிருந்து வந்தபோது என் புத்தகப் பை திறந்து கிடந்தது. திறந்தது அவரா, அக்காவா?

மேடத்தின் நினைவாக என்னிடம் இருப்பது ஒரு காகிதம்தான். அதில் பாவா அழித்த அந்த வரி இருக்கிறது. ஓரத்தில் அவர் கையெழுத்தில், 'ஆந்திரா ஆளுங்களுக்கு. எடுக்கக் கூடாது' என்று இருக்கிறது. நாளை பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆர்.கே.பேட்டை பஸ் ஏறப் போகிறேன். அவருடைய அப்பாவிடம் இதைக் கொடுத்து, வரியைப் படித்துக் காட்டியது நான்தான் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை. ஒருவேளை நான் போக முடியாமல் போனால், உங்களில் யாராவது...

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அக்காதான். "தொற. அந்தப் பேப்பரு உங்கிட்டதான் இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அவரு எழுந்துக்கறதுக்குள்ள..."