கல்லூரிக் கிராமத்தில் நான் வைத்த விருந்து

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் எங்கள் மேல்வீட்டுப் பெண் போன கிழமை கேட்டாள், "அக்கா, நீங்கள் முந்தி இருந்த அமெரிக்க ஊரிலை மகனுக்குக் கல்லூரி கிடைச்சிருக்கு. நல்ல வடிவான இடமாமே?"

"வடிவுதான். வடிவை வைச்சு நாக்கு வழிக்கிறதே?" என்றேன்.

அமெரிக்காவின் மத்திய மேற்கில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு செங்கல் கல்லூரி, ஒரு வெள்ளைத் தேவாலயம், ஒரு தெரு. காடு வெட்ட வந்த பாதிரிமார் முதலில் கல்லூரியைக் கட்ட, ஊர் அதைச் சுற்றி முளைத்தது. மற்றவர்கள் பெண்களைச் சேர்க்காத காலத்திலேயே இவர்கள் சேர்த்தார்களாம். சுவருக்குச் சுவர் பித்தளைத் தகட்டில் அதை அடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்டில் முன்பு வாழ்ந்தவர்களுக்கு ஒரு தகடும் இல்லை.

என் கணவர் அங்கே கணிதம் படிப்பித்தார். வேலை நிரந்தரமாவது அவருடைய துறை ஆசிரியர்களின் வாக்கில் இருந்தது. அவர்களையும் மனைவிமாரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். அந்த ஊரில் விருந்தென்றால் ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்து தாங்களே போட்டுச் சாப்பிடுவார்கள். நான் எல்லாவற்றையும் நானே சமைத்து, நின்று பரிமாறினேன். போதும் என்றவர்களுக்கும் இன்னொரு கரண்டி போட்டேன். கணவர் அவர்களோடு இருந்து சாப்பிட்டார். விருந்தாளிகள் எழும்ப முன்னர் நான் எப்படிச் சாப்பிட இருப்பது?

சில நாள் கழித்துத் துறைத் தலைவரின் மனைவி தபாற்கந்தோர் வாசலில் என் கையைப் பிடித்தாள். "வீட்டில் உனக்குப் பயமொன்றும் இல்லையே? உதவி வேண்டுமென்றால் சொல்."

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. "என் புருஷன் என்னை அடிக்கிறார் என்றா நினைக்கிறாய்?" என்று தெருவிலேயே கத்தினேன்.

"இங்கே நீ எதையும் சொல்லலாம்," என்றாள், சிரிப்பு மாறாமல்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சிரித்தார். "நீர் அண்டைக்கு விருந்திலை எங்களோடை இருந்து சாப்பிட்டிருக்கலாம்."

"நீங்கள் எழும்பி ஒரு கறியாவது போட்டிருக்கலாம்."



வாக்கெடுப்பில் அவர் தோற்றார். ஊரின் பண்போடு அவர் ஒத்துப்போகவில்லை என்று தலைவர் சொன்னாராம். வாக்குப் போட்ட அத்தனை பேரும் ஆண்கள். பெண்களை முதலில் சேர்த்த ஊரின் கணிதத் துறையில் ஒரு பெண் ஆசிரியர்கூட இல்லை.

மொன்றியலுக்கு வந்துவிட்டோம். இங்கே அவருக்குத் தவணைக்குத் தவணை ஒப்பந்தம். ஒரு கல்லூரியில் வகுப்பு முடிய மெட்ரோ பிடித்து மற்றக் கல்லூரிக்கு ஓடுகிறார். அந்த ஊரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை.