‘ரெஃப்யூஸ்டு’ என்று எழுதிய கவர்

திருப்பி அனுப்பும் தபாலின் மேல் போஸ்ட்மேன் காரணத்தை ஆங்கிலத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். இது விதி. ஆள் குடிபெயர்ந்திருந்தால் ‘லெஃப்ட்’. வீடு பூட்டியிருந்தால் ‘டோர் லாக்டு’. இறந்திருந்தால் ‘டிசீஸ்டு’. ‘ரெஃப்யூஸ்டு’ என்றால், ஆள் உயிரோடு எதிரில் இருந்து வேண்டாம் என்று சொன்னதாகப் பொருள். நீதிமன்ற நோட்டீசில் அந்தச் சொல் விழுந்தால், வாங்கிக்கொண்டதாகவே வைத்து வழக்கை முடித்துவிடுவார்கள்.

ஓய்வுக்கு முந்தைய வருடம் நான் போடியில் போஸ்ட்மாஸ்டர். குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்ட வீட்டுக்கு, பாப்பாத்தி என்பவர் பெயரில் நோட்டீஸ் போயிற்று. மலை பீட் பார்க்கும் போஸ்ட்மேன் செல்லையா அதை ‘ரெஃப்யூஸ்டு’ என்று எழுதிக் கொண்டுவந்தார். ஏழு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாம் நாள் தேவாரத்திலிருந்து பாப்பாத்தியின் மகள் வந்தார்.

“சித்தப்பா வீட்டைக் கேட்டுக் கேசு போட்டிருக்காராம். வாய்தா என்னைக்குன்னு பாத்துச் சொல்லுங்கய்யா.”

“கவரைப் பிரிக்க எனக்கு அதிகாரமில்லம்மா. ஒங்க ஆத்தா வேணாம்னுட்டாங்க.”

“ஆத்தா செத்து மூணு வருசமாச்சே.”

“அப்ப இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க.”

“தோட்டத்துல செத்தாக. அதையெல்லாம் எங்கய்யா பதிஞ்சோம்?”

செல்லையாவைக் கூப்பிட்டேன். அவர் அசரவில்லை.

“உள்ள உக்காந்து சுளகுல ஏலக்காய் பொறுக்கிக்கிட்டு இருந்துச்சு சார். ‘எனக்கு எதுக்கு அப்பு காயிதம்? தேவாரத்து மககிட்டக் குடு’ன்னுச்சு. தேவாரம் போறது என் சோலியான்னு எழுதிட்டேன்.”

“அது ரெஃப்யூஸ்டு இல்லய்யா, ரீடைரக்ட்” என்றேன்.

ரீடைரக்ட் செய்து வேறு முகவரிக்கு அனுப்ப, முகவரிக்காரர் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

மறுநாள் மகளோடு ஜீப்பில் போனேன். பூட்டு துருவேறியிருந்தது, சாவித் துவாரத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. நிரப்பிய படிவத்தைக் கதவடியில் செருகினேன். பாதி நுழைந்ததும் கையை எடுத்துவிட்டேன். மீதித் தாள் மெதுவாக உள்ளே போயிற்று.

மகள் கதவைப் பார்த்து, “வெரசா போட்டுக் குடு ஆத்தா, ஜீப்பு போயிரும்” என்றார்.

படிவம் வெளியே வரவில்லை. மலையிறங்கிவிட்டோம்.

ஏழாம் நாள், கவரை மூட்டையில் கட்டப் போகும் நேரத்தில், குரங்கணிப் பெட்டித் தபாலோடு படிவம் வந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் இடது பெருவிரல் ரேகை. மை இன்னும் காயவில்லை.

அன்றும் வந்து காத்திருந்த மகள் கவரை வாங்கிப் பிரித்தார். வாய்தாவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

படிவம் முறையாக இருந்தால், அதை நிரப்பிய கை எது என்று தபால்காரன் கேட்கக் கூடாது. என் சர்வீசில் கடைசியாகக் கற்றது இதுதான். கவரைக் கொடுக்கும் முன்பே செல்லையாவின் சொல்லை அடித்து, ‘ரீடைரக்டட்’ என்று எழுதி, படிவம் வந்த தேதியைப் போட்டிருந்தேன்: நவம்பர் இருபத்தொன்பது.