ஊக்குக் குத்தத் தெரியாத அப்பா

இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகியும் எனக்குக் குழந்தைக்கு இடுப்புத்துணி கட்டத் தெரியாமல் இருந்தது. அது பஸ் முழுக்கத் தெரிந்துபோன நாளைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவிக்கு மலையடிவாரத்துத் தாப்பா ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷன். மூன்று வயது மகளையும் பத்து மாத மகனையும் அவளுக்குக் காட்ட, மலைமேல் பிரிஞ்சாங் ஊரில் பஸ் ஏறினேன்.

மலை வளைவுகள் ஆரம்பித்ததும், பக்கத்தில் இருந்த சீன அம்மாவின் மடியில் மகள் வாந்தி எடுத்தாள். நான் பதறித் துடைக்கப் போனால், என் மடியில் மகன் வெளிக்குப் போய்விட்டான்.

"தாக் அப்பா, தாக் அப்பா," என்றார் அந்த அம்மா. மலாயில் பரவாயில்லை என்று அர்த்தம். மகளோ என்னைக் காட்டி, "இதுதான் அப்பா," என்றாள். பஸ்ஸே சிரித்தது.

மாற்றுத்துணியை எடுத்தேன். எங்கே மடிப்பது, ஊக்கை எங்கே குத்துவது? பிள்ளையைக் குத்திவிடுவேனோ என்று ஊக்கைக் கையிலேயே வைத்திருந்தேன். அந்த அம்மா, தன் மடியைக்கூடத் துடைக்காமல், பிள்ளையை வாங்கி எல்லாவற்றையும் செய்து முடித்தார்.

ஆஸ்பத்திரியில் மனைவி மகனைப் பார்த்தாள்.

"நீங்களா துணி மாத்துனீங்க? நல்லா கட்டியிருக்கீங்களே."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இல்லம்மா, பஸ்ல ஒரு ஆண்ட்டி கட்டுனாங்க. அப்பா அழுதுச்சு," என்றாள் மகள்.

அழுதது உண்மைதான். மனைவி சிரிக்கவில்லை. தையலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, துணியை அவிழ்த்தாள்.

"வாங்க, சொல்லித் தர்றேன்."

அன்றுதான் முதன்முதலாக என் மகனுக்குத் துணி கட்டினேன். அந்தப் பத்து மாதமும் நான் எங்கே இருந்தேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.