இருபத்திரண்டரை அடிப் படகு

எங்கள் வகுப்பில் ஒருத்தி, நீச்சல்குளம் உள்ள அடுக்குமாடியிலிருந்து வருவாள். அந்தக் குளத்தைப் பற்றித் தினமும் காலையில் ஒரு புதுச் செய்தி வைத்திருப்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எங்க வீட்டுக்கு போட் வருது, நிஜ போட்" என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. படகு எங்கள் வீட்டுக்கு வருவதாக அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் படகு இருந்தது, அது பொய்யில்லை. நாவலூரில் பெரியப்பாவின் மனையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே கிடந்தது. தாத்தா காலத்தில் கேளம்பாக்கத்து உப்பை ஏற்றிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பட்டணம் வரை போய்வந்த படகு. உப்பை லாரிகள் பிடுங்கிக்கொண்ட பிறகு, கால்வாயின் அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகாயிற்று. மூங்கில் கழியை ஊன்றி முப்பது வருடம் அதைத் தள்ளியவர் பெரியப்பா. கல்யாணப் பெண்களையும், பிரசவ வலி எடுத்தவர்களையும், தேர்தல் வந்தால் ஓட்டுப்பெட்டியையும் அவர் அதில்தான் கடத்திவிட்டார். என் அப்பா பள்ளிக்கூடம் போய்வந்ததும் அதில்தான். பாலம் கட்டி முடித்த ஒரே வாரத்தில் படகுக்கும் பெரியப்பாவுக்கும் சேர்ந்து வேலை போயிற்று.

அந்த மனையைத்தான் பில்டரிடம் கொடுத்திருந்தார்கள். பெரியப்பாவின் மகன்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பிளாட் என்று ஒப்பந்தம். பெரியம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரியப்பா ஒரு மாதம் பெரியவரிடம், மறுமாதம் சின்னவரிடம் இருந்துகொள்வார் என்று பேச்சு. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. கவலையெல்லாம் படகைப் பற்றித்தான். திங்கட்கிழமை ஜேசிபி வரும், அதற்குள் எடுக்காவிட்டால் உடைத்துக் குப்பையோடு அள்ளிவிடுவோம் என்று பில்டரின் ஆள் சொல்லிவிட்டிருந்தார்.

அப்பாவின் ஸ்கூட்டரில் நான் முன்னால் நிற்க, பெரியப்பா பின்னால் உட்கார, வரன் பார்க்கப் போகிறவர்களைப் போல அந்த வாரம் முழுக்க ஊர் சுற்றினோம். படப்பையில் ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் ஏறி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். ஒரு கோயிலில், "தேர்னா பரவால்ல சார், படகுன்னா குளத்துல தண்ணி வேணுமே" என்று நியாயமாகவே வருத்தப்பட்டார்கள். கடற்கரை ரோட்டு ரிசார்ட்காரர் ஒருவர் மட்டும் உடனே சம்மதித்தார். படகை நடுவில் அறுத்து, இரண்டு பாதியையும் நிமிர்த்தி நிறுத்தி, ஜூஸ் கடைக்கு அலமாரி ஆக்கப்போவதாக ஆசையோடு விளக்கினார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இன்னாபா இது, ஆளை ரெண்டா அறுத்து நிக்க வெக்கிறேன்றான்" என்றார் வெளியே வந்து.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நான் கேட்டேவிட்டேன். "நம்ம வீட்லயே வெச்சா என்னப்பா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை, தன் அண்ணனைப் பார்த்தார். "கேட்லேர்ந்து மோட்டார் ரூம் வரைக்கும் இருபத்திமூணு அடி இருக்கு. அதுக்குமேல ஒரு அங்குலம்னாலும் முடியாது."

"வோணாம்பா. உனக்கு எதுக்கு பேஜாரு" என்றார் பெரியப்பா.

அப்பா அளவுக்குப் பேர்போனவர். பால்காரர் ஊற்றும் பாலைக்கூட இன்னொரு முறை அளந்துபார்ப்பார். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நாவலூர் போனார். அது பதினாறு அடியில் முடிந்துபோகிற சின்ன டேப். பெரியப்பா படகின் பின்பக்கப் பலகையில் துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். எழுந்து ஒரு கை பிடிப்பார் என்று பார்த்தேன், பிடிக்கவில்லை. அப்பா முன்மூக்கில் நிற்க, நான் டேப்பின் நுனியை இழுத்துக்கொண்டு படகோரமாக நடந்தேன். அது தீர்ந்ததும், "அங்கயே ஒரு கோடு போடு" என்று குரல் கொடுத்தார். நடுவில் படகின் வயிறு மறைத்ததால் அவருக்கு என் கை தெரியாது. பின்முனைப் பக்கமாக இரண்டடி தள்ளிச் சாக்பீஸால் கோடு போட்டேன். கோட்டிலிருந்து பின்முனை வரை ஆறரை அடி. மொத்தம் இருபத்திரண்டரை என்று அப்பா கூட்டிச் சொன்னார்.

"அப்டியா? சரி" என்றார் பெரியப்பா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. திருடியவளுக்கு உள்ள பயம் எனக்கு இருந்தது, திருடியவளுக்கு உள்ள சந்தோஷமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரியும் கிரேனும் எங்கள் தெருவுக்குள் நுழைந்தன. லாரியின் மேல் படகு, படகின் மேல் பெரியப்பா. தெருவுக்குக் குறுக்கே தொங்கிய கேபிள் டிவி வயர்களை அதே பழைய மூங்கில் கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றபடியே வந்தார். தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமைப்பட்டு நான் நின்றதில்லை.

கிரேன் படகைத் தூக்கி இறக்கப் போனபோதுதான் விஷயம் வெளியாயிற்று. பின்முனை மோட்டார் ரூமில் முட்டியது, முன்மூக்கு காம்பவுண்டு சுவருக்கு வெளியே ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா டேப்பை எடுத்து நிதானமாக மறுபடி அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காஞ்ச கட்டைபா. வெய்யில்ல கொஞ்சம் நீண்டுக்கும்" என்றார் பெரியப்பா மேலிருந்து.

கிரேன் ஓட்டுபவர் சிரித்துவிட்டார். "சார், சீக்கிரம் சொல்லுங்க. எனக்கு இன்னொரு எடத்துல வேல கீது."

அம்மா வாசற்படியில் நின்று படகின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பாய்ச்சுருள், ஒரு பிளாஸ்டிக் பக்கெட், பூட்டில்லாத ஒரு டிரங்குப் பெட்டி, பெட்டிமேல் பெரியம்மாவின் போட்டோ. நான் அதையெல்லாம் படகோடு வந்த சாமான் என்றே நினைத்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செவுத்த இடிங்க" என்றாள்.

அடுத்த தெருக் கொத்தனார் கடப்பாரையோடு கால்மணி நேரத்தில் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கொத்தனார் அவ்வளவு சீக்கிரம் கிடைப்பது உலக அதிசயம் என்று எனக்கு அப்போது தெரியாது. பென்சில் முனை உடைந்தால்கூடத் திட்டும் அப்பா, சுவரே உடைந்தும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பித்தோம் என்று இருந்துவிட்டேன்.

நீச்சல்குளத்துக்காரி ஒருநாள் வந்து பார்த்தாள். "தண்ணி எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். படகுக்கு எண்ணெய் பூச ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்ன பெரியப்பா, பதினோரு வருடம் எங்களோடு இருந்தார். அவருடைய மகன்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "படகை வுட்டுட்டு எப்டி வர்றது" என்று அவர்களிடம் அலுத்துக்கொள்வார். அவர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள்.

போன வருடம் அவர் இறந்தார். இந்தக் கோடையில் எண்ணெய் பூசும் வேலை எனக்கு வந்தது. பின்பக்கப் பலகையில் படிந்திருந்த பழைய எண்ணெயைச் சுரண்டியபோது, அன்று அவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த இடத்தில், ஒரு இரும்புத் தகடு தட்டுப்பட்டது. கால்வாய் ஆபீஸ் அடித்த தகடு. படகின் நம்பர், ஏற்றக்கூடிய எடை, அதற்குக் கீழே நீளம்: இருபத்திநாலரை அடி.

சாக்பீஸ் கதையை இத்தனை வருடம் கழித்து அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். தகட்டையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"வருஷா வருஷம் சோதிக்க ஆபீசர் வருவாரு. அந்த எழுத்துக்கு வெள்ளப் பெயிண்ட் அடிக்கிறது சின்ன வயசுல என் வேலை" என்றார். "எங்களோட வந்து இருண்ணான்னு கூப்பிட்டா, ஏன், எனக்குப் பசங்க இல்லியான்னு கேட்டிருப்பாரு. என்ன பதில் சொல்றது?"

தகட்டை விரலால் தடவினார். பிறகு சொன்னார். "நீ மட்டும் கோட்டைத் தள்ளிப் போடலன்னா, நானே தப்பாத்தான் கூட்டிச் சொல்லியிருப்பேன்."